அலுவலக நகைச்சுவைப் படத்தின் வட்டுத் தரத்தைச் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு படத்தின் டிவிடியையோ ப்ளூரேயையோ முதன்முறையாகத் தரம் பார்க்க அமர்பவர்கள், பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடங்களிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். "மங்கலாக இருக்கிறது", "புள்ளி புள்ளியாகத் தெரிகிறது", "பச்சையடிக்கிறது" என்பவை வழக்கமாகக் காதில் விழும் குறைகள். அவர்கள் கண்டது உண்மைதான். ஆனால் அந்தக் குறை படம் எடுத்தபோதே இருந்ததா, வட்டைத் தயாரித்தபோது வந்ததா, வீட்டு டிவியின் வேலையா என்று பிரித்தறியாமல் சொல்லும் தீர்ப்பு, வாங்க நினைக்கும் இன்னொருவருக்குப் பயன்படுவதில்லை. கீழே உள்ள படிகள் இந்த மூன்றையும் பிரிப்பதற்காகவே இந்த வரிசையில் அமைந்துள்ளன: முதலில் படம், அடுத்து டிவி, அதன்பின் வட்டு.

அலுவலகத்தில் நடக்கும் நகைச்சுவைப் படங்கள் வட்டுத் தயாரிப்பாளர்களுக்கு எளிதானவை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. சண்டைக் காட்சிகளில் வேகமே பல குறைகளை மறைத்துவிடும். அலுவலகப் படத்திலோ சாம்பல் நிறத் தடுப்புகள், வெள்ளைச் சட்டைகள், டியூப்லைட் வெளிச்சம், அசையாத கேமரா, நின்று நிதானமாகப் பேசும் முகங்கள் என எல்லாமே கண்முன் நீண்ட நேரம் நிற்கின்றன. எடுத்துக்காட்டுக்காக, மைக் ஜட்ஜ் இயக்கி 1999-இல் வெளிவந்த ஆபீஸ் ஸ்பேஸ் படத்தையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். சோதனைக்கு வேண்டிய எல்லா வகைக் காட்சிகளும் அதில் இருக்கின்றன.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வட்டு, பிளேயர், டிவி ஆகியவற்றோடு மூன்று பொருள்கள் தேவை: இருட்டாக்கக்கூடிய அறை, ஒரு நல்ல ஹெட்போன், குறிப்பேடு. பகல் வெளிச்சம் திரையில் விழுந்தால் கருமையின் நுணுக்கங்களைக் கண் பிரித்தறியாது. டிவியின் சொந்த ஸ்பீக்கரை மட்டும் நம்பினால் வசனத்தின் அடியில் இருக்கும் இரைச்சல் கேட்காது. நேரத்தோடு குறித்துவைக்காவிட்டால், அரை மணி நேரம் கழித்து எந்தக் காட்சியில் என்ன கண்டோம் என்பது நினைவிருக்காது.

எங்கே அமர்கிறோம் என்பதும் முக்கியம். 1080 வரிகள் கொண்ட ப்ளூரே படத்தின் முழு நுணுக்கத்தையும் சராசரிக் கண் பிரித்தறிய, திரையின் உயரத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்குத் தொலைவுக்குள் அமர வேண்டும். 55 அங்குலத் திரையின் உயரம் சுமார் 68 சென்டிமீட்டர். ஆகவே இரண்டு மீட்டரை ஒட்டி நாற்காலியைப் போடுங்கள். நான்கு மீட்டர் தள்ளி அமர்ந்துகொண்டு டிவிடிக்கும் ப்ளூரேக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்பவர்கள் தங்கள் நாற்காலியைத்தான் சோதித்திருக்கிறார்கள்.

2. படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை அறிதல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே மிகுதி. பிழையான தீர்ப்புகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. வட்டின் கடமை, படத்தை அது எடுக்கப்பட்டபடியே தருவது. எடுக்கப்பட்ட விதம் தெரியாவிட்டால் அந்தக் கடமை நிறைவேறியதா என்று எப்படிச் சொல்ல முடியும்?

தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு: எந்த அளவு பிலிமில் அல்லது எந்த டிஜிட்டல் கேமராவில் எடுத்தார்கள், திரையரங்கில் படத்தின் அகல உயர விகிதம் என்ன, கறுப்பு வெள்ளையா வண்ணமா, முதலில் வெளியானபோது ஒலி மோனோவா ஸ்டீரியோவா பலதடமா.

வேலையிடத்தை வைத்து எடுக்கப்பட்ட மூன்று படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். ஜாக் தத்தியின் பிளேடைம் (1967) 70 மில்லிமீட்டர் வடிவத்துக்காக எடுக்கப்பட்டது. அகன்ற காட்சியின் மூலையில் நடக்கும் சிறு வேடிக்கைகூடத் தெளிவாகத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் வட்டின் மீது குறை சொல்லலாம். பில்லி வைல்டரின் தி அபார்ட்மென்ட் (1960) அகலத்திரையில், கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. கெவின் ஸ்மித்தின் கிளர்க்ஸ் (1994) கறுப்பு வெள்ளையில், 16 மில்லிமீட்டர் பிலிமில் எடுக்கப்பட்டது; அதில் பருத்த கிரெய்ன் (பிலிமில் இயல்பாகவே இருக்கும் நுண்புள்ளிகள்) தெரிவதும் நிழல்கள் முரட்டுத்தனமாக இருப்பதும் படத்தின் இயல்பு. கிளர்க்ஸ் வட்டில் பிளேடைம் வட்டின் தெளிவைத் தேடுவது அந்தப் படத்துக்கு இழைக்கும் அநீதி.

ஆபீஸ் ஸ்பேஸ் பிலிமில் எடுக்கப்பட்ட வண்ணப் படம், விகிதம் 1.85:1, ஓடும் நேரம் 89 நிமிடங்கள். இந்த மூன்று விவரங்களும் பின்வரும் படிகளில் வேலை செய்யும்.

3. டிவியையும் பிளேயரையும் வழிக்குக் கொண்டுவருதல்

கடையில் பளிச்சென்று தெரிவதற்காக அமைக்கப்பட்ட நிலையிலேயே பல டிவிகள் வீட்டுக்கு வருகின்றன. அந்த நிலையில் எந்த வட்டையும் சோதிக்கக் கூடாது. பின்வருபவற்றை ஒருமுறை சரிசெய்துவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லை.

பட நிலையை "சினிமா", "மூவி" அல்லது "ஃபிலிம்மேக்கர் மோட்" என்று மாற்றுங்கள். "விவிட்" நிலையில் வெள்ளை நிறம் நீலத்தின் பக்கம் சாயும். வீட்டுக் காணொளிக்கான வெள்ளை 6500 கெல்வின் வெப்பநிலையை ஒட்டியது. சினிமா நிலை அதற்கு மிக நெருங்கி வரும். முதல் நாள் மஞ்சளாகத் தோன்றும். கண் பழகியதும் அதுதான் சரி என்பது புரியும்.

"ஷார்ப்னெஸ்" அளவைக் குறையுங்கள். சப்டைட்டில் எழுத்துகளைச் சுற்றி வெண்ணிற விளிம்பு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். பல டிவிகளில் அது சுழியம். சிலவற்றில் சுழியத்துக்குப் போனால் படம் உண்மையிலேயே மங்கும், ஆகவே எண்ணைப் பார்க்காமல் விளிம்பைப் பாருங்கள்.

அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் "நாய்ஸ் ரிடக்ஷன்" வசதியையும் முற்றிலும் அணைத்துவிடுங்கள். முன்னது நொடிக்கு ஓடும் 24 சட்டகங்களுக்கு (தனித்தனிப் படங்களுக்கு) இடையே இல்லாத சட்டகங்களை உருவாக்கிப் படத்தைத் தொலைக்காட்சித் தொடர்போல் ஆக்கிவிடும். பின்னதால் பிலிம் கிரெய்னை டிவியே துடைத்துவிடும். அப்போது முகங்கள் மெழுகாகத் தெரிந்தால் பழி வட்டின் மீது விழும். அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையை மாற்றும் தானியங்கி வசதியையும் அணையுங்கள்.

படத்தின் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கும் "ஓவர்ஸ்கேன்" வசதி பல டிவிகளில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். "ஜஸ்ட் ஸ்கேன்", "ஸ்கிரீன் ஃபிட்" போன்ற பெயர்களில் இருக்கும் அமைப்பைத் தேர்ந்தால் ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் கிடைக்கும்.

பிளேயரில் மூன்று இடங்களைப் பாருங்கள். 24 சட்டக வெளியீடு இயங்க வேண்டும். எச்டிஎம்ஐ நிறவீச்சு டிவியோடு பொருந்த வேண்டும்: காணொளியில் கருமை 16-இலும் வெண்மை 235-இலும் அமையும், ஒரு கருவி இந்த வீச்சிலும் மற்றது 0 முதல் 255 வரையிலான வீச்சிலும் இருந்தால் படம் ஒன்று வெளிறிப்போகும், அல்லது நிழல்கள் கருமையில் மூழ்கிவிடும். உரத்த ஒலியைத் தாழ்த்தும் "நைட் மோட்" என்ற ஒலி அமுக்கம் அணைந்திருக்க வேண்டும். பல பிளேயர்களில் இது தானியங்கி நிலையில் விடப்பட்டிருக்கும்.

4. வட்டின் அடிப்படை விவரங்களைப் படித்தல்

முதலில் மண்டலக் குறியீடு, அதாவது வட்டு உலகின் எந்தப் பகுதியின் பிளேயர்களில் ஓடும் என்பதைக் காட்டும் குறி. டிவிடிக்கு எண்களாலும் ப்ளூரேக்கு ஏ, பி, சி என்ற எழுத்துகளாலும் குறிப்பார்கள். ப்ளூரேயைவிட நான்கு மடங்கு பிக்சல்கள் கொண்ட 4கே வட்டுகளுக்கு மண்டலத் தடை இல்லை. ஆனால் அதே பெட்டியில் வரும் ப்ளூரே வட்டுக்குத் தடை இருக்கலாம். கூடுதல் அம்சங்கள் அந்த வட்டில்தான் இருக்கும் என்பதால் இதை வாங்குமுன்பே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, டிவிடி என்றால் அது அனமார்ஃபிக் அகலத்திரையா, அதாவது அகன்ற படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்து, ஓடும்போது விரித்துக் காட்டும் வகையா என்று பாருங்கள். அப்படி இல்லாத பழைய வட்டுகளில் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகளும் படத்தின் பகுதியாகவே பதிவாகியிருக்கும். டிவிடியின் 480 அல்லது 576 வரிகளில் கணிசமான பங்கை அந்தப் பட்டைகள் தின்றுவிடும். இன்றைய டிவியில் அது நான்கு பக்கமும் கறுப்புச் சூழ்ந்த சிறு படமாகத் தெரியும், பெரிதாக்கினால் மங்கும்.

வட்டின் கொள்ளளவைப் பார்த்தவுடன் முடிவுகட்டுவது பரவலான தவறு. "ஒற்றை அடுக்கு வட்டு, 25 ஜிபிதான், ஆகவே மோசம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 89 நிமிடப் படத்துக்கு 25 ஜிபியை முழுவதும் ஒதுக்கினால் நொடிக்குச் சுமார் 37 மெகாபிட் கிடைக்கும். ப்ளூரே காணொளிக்கான உச்சவரம்பே நொடிக்கு 40 மெகாபிட். குறுகிய நகைச்சுவைப் படத்துக்கு ஒற்றை அடுக்கு போதும். அதே அடுக்கில் ஆறு மொழி ஒலித்தடங்களும் இரண்டு மணி நேரக் கூடுதல் காணொளிகளும் திணிக்கப்பட்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். டிவிடியிலும் இதே நிலைதான்: ஒரே 4.7 ஜிபி அடுக்கில் அகலத்திரைப் பதிப்பும் முழுத்திரைப் பதிப்பும் சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது பாதி.

5. சோதனைக் காட்சிகளைத் தேர்தல்

முழுப் படத்தையும் ஓடவிட்டுக்கொண்டே தரம் பார்க்கக் கூடாது. நல்ல நகைச்சுவை பார்ப்பவரை இழுத்துக்கொள்ளும். சிரிக்கும்போது கண் குறை தேடாது. முதலில் ஒருமுறை படமாகப் பாருங்கள். பிறகு ஐந்து வகைக் காட்சிகளை நேரத்தோடு குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள்: மேசை வரிசைகள் தெரியும் அகன்ற காட்சி, ஒரு முகத்தின் நெருங்கிய காட்சி, பகல் வெளிச்சத்தில் வெளிப்புறக் காட்சி, மங்கலான அல்லது இரவுக் காட்சி, உரத்த இசையோடு கூடிய காட்சி.

ஆபீஸ் ஸ்பேஸில் தொடக்கத்திலேயே வரும் போக்குவரத்து நெரிசல் வெளிப்புறக் காட்சிக்குப் பொருந்தும். தடுப்பறைகளுக்கு இடையே மேலாளர் காபிக் கோப்பையோடு வந்து நிற்கும் இடங்கள் முகத்துக்கும் தடுப்புகளுக்கும் போதும். அச்சு இயந்திரத்தை வெட்டவெளிக்குக் கொண்டுபோய் உடைக்கும் காட்சி இசைக்கு.

6. சட்டகத்தைச் சரிபார்த்தல்

1.85:1 விகிதப் படம் 1920×1080 சட்டகத்தில் அமரும்போது உயரம் சுமார் 1038 வரிகள் ஆகும். மேலும் கீழும் சுமார் 21 வரிகள் அளவுக்கு மெல்லிய கறுப்புப் பட்டை தெரியும். தெரியாவிட்டால் இரண்டு காரணங்கள் உண்டு: உங்கள் டிவி ஓவர்ஸ்கேன் செய்கிறது, அல்லது வட்டில் படத்தைச் சற்றுத் திறந்து 1.78:1 ஆக்கியிருக்கிறார்கள். பின்னது பெரிய குற்றமன்று.

பழைய 4:3 முழுத்திரைப் பதிப்புகளைப் பற்றித்தான் எச்சரிக்கை தேவை. அவற்றில் படத்தின் இரு ஓரங்களையும் வெட்டியிருப்பார்கள், அல்லது திரையரங்கில் மறைக்கப்பட்டிருந்த மேல் கீழ்ப் பகுதிகளைத் திறந்து காட்டியிருப்பார்கள். இரண்டாவது வகையில் மைக்குகளும் விளக்குகளின் விளிம்பும் தெரிய வாய்ப்புண்டு. அதைக் கண்டு இயக்குநரின் கவனக்குறைவு என்று எழுதுவது பிழை. அந்தப் பகுதி பார்வையாளருக்காக எடுக்கப்பட்டதே அன்று.

அலுவலக நகைச்சுவைக்குச் சட்டகத்தின் விளிம்பு உயிர்நாடி. தடுப்புக்கு மேலே ஒரு தலை மட்டும் எட்டிப் பார்ப்பதும், பேசிக்கொண்டிருப்பவரின் பின்னால் ஓரத்தில் இன்னொருவர் நழுவிப் போவதும் விளிம்பை நம்பிய வேடிக்கைகள். ஓரம் வெட்டப்பட்டால் வேடிக்கையே காணாமல் போகும். திறந்துவிட்டால் எட்டிப் பார்க்கப்போகும் தலை முன்னதாகவே தெரிந்துவிடும்.

7. வெளிச்சத்தையும் நிறத்தையும் சோதித்தல்

"பச்சையடிக்கிறது" என்ற புகாருக்கு இங்கே விடை காண வேண்டும். டியூப்லைட்டின் ஒளியைப் பிலிம் பச்சை கலந்ததாகவே பதிவுசெய்யும். ஒளிப்பதிவாளர் அதைத் திருத்தியிருக்கலாம். அலுவலகத்தின் சலிப்பைக் காட்ட வேண்டுமென்றே விட்டுவைத்தும் இருக்கலாம். ஆகவே அலுவலகக் காட்சியை மட்டும் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

வெளிப்புறப் பகல் காட்சிக்குத் தாவுங்கள். வெயிலில் நிற்கும் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் அதே பச்சை இருந்தால் அது வட்டிலிருந்தோ டிவியிலிருந்தோ வருகிறது. வெளியே நிறம் இயல்பாகவும் உள்ளே மட்டும் பச்சையாகவும் இருந்தால் அது படப்பிடிப்பின் தன்மை. வெள்ளை எழுத்தில் ஓடும் பெயர்ப்பட்டியல் இன்னொரு சாட்சி: அதிலும் சாயம் ஏறியிருந்தால் முழுப் படத்தின் மீதும் ஒரே பூச்சுப் பூசியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வலுக்கும். பிறகு அதே டிவியில் வேறொரு வட்டைப் போட்டுப் பாருங்கள். அதிலும் சாயம் இருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

வெண்மையைச் சோதிக்கச் சட்டைக் காலரையும் மேசை மேல் உள்ள தாளையும் பாருங்கள். காலரின் மடிப்பும் தாளின் விளிம்பும் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாகிவிட்டிருந்தால் வெளிச்ச அளவை வட்டில் மிகைப்படுத்தியிருக்கிறார்கள். கருமைக்குக் கறுப்புக் கோட்டின் மடிப்புகளைப் பாருங்கள்.

சிவப்பைத் தனியாகச் சோதிக்க வேண்டும், அதற்குக் காரணம் உண்டு. டிவிடியிலும் ப்ளூரேயிலும் நிறத் தகவல், ஒளித் தகவலைப்போல அகலத்தில் பாதியும் உயரத்தில் பாதியுமாகவே பதிவாகிறது. ப்ளூரேயில் ஒளிக்கு 1920×1080 என்றால் நிறத்துக்கு 960×540. அடர் சிவப்பில் ஒளித் தகவல் குறைவு என்பதால் இந்தக் குறைப்பு அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். ஆபீஸ் ஸ்பேஸில் மில்டன் என்னும் ஊழியர் நெஞ்சோடு அணைத்துக் காக்கும் சிவப்பு ஸ்டேப்ளர் இதற்குக் கிடைத்த அருமையான சோதனைப் பொருள். அவர் அதைக் கையில் வைத்திருக்கும் காட்சியில் படத்தை நிறுத்தி, ஸ்டேப்ளரின் மேல் விளிம்பைப் பாருங்கள். நல்ல ப்ளூரேயில் சிவப்பு அந்த விளிம்போடு நின்றுவிடும். பொருளின் வளைவில் ஒளி மாறும் இடமும் தெரியும். பழைய டிவிடியில் சிவப்பு விரல்களின் மேல் கசியக்கூடும். விளிம்பு படிப்படியாகப் பல்லடுக்காய்த் தெரியவும் கூடும். பல்லடுக்கு தெரிந்தால் வேறு பிளேயரில் போட்டுப் பாருங்கள். சில பிளேயர்கள் நிறத்தை விரித்தெடுக்கும் முறையிலேயே பிழை செய்யும். அங்கே வட்டின் மீது குற்றமில்லை.

8. கிரெய்ன், முகம், கூர்மை

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடமும் இதுவே.

பிலிமில் எடுத்த படத்தில் கிரெய்ன் இருக்கும். நுணுக்கங்கள் எல்லாம் அந்தக் கிரெய்னால்தான் உருவாகியிருக்கின்றன. அதைத் துடைத்தால் அதனோடு சேர்ந்து தோலின் துளைகளும் துணியின் நெசவும் போய்விடும். "புள்ளி இல்லாமல் சுத்தமாக இருக்கிறது" என்று பாராட்டப்படும் வட்டுகள் பல இப்படித் துடைக்கப்பட்டவை. இதை டிஎன்ஆர் என்பார்கள். அளவோடு செய்தால் தெரியாது; அளவு மீறினால் முகம் மெழுகுப் பொம்மையாகும்.

கண்டுபிடிக்கும் முறை இது. நெருங்கிய முகக் காட்சியில் படத்தை நிறுத்தி, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்துங்கள். உண்மையான கிரெய்ன் ஒவ்வொரு சட்டகத்திலும் புதிதாக மாறும். துடைக்கப்பட்ட படத்தில் கிரெய்ன் உறைந்துபோய், தலை நகரும்போது தோலோடு ஒட்டிக்கொண்டு நகரும். அல்லது பின்சுவரில் அப்படியே நிற்கும். முன்நெற்றி முடியையும் பாருங்கள்: இழைகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே பூச்சாக இருந்தால் ஐயம் தேவையில்லை.

வட்டில் அடக்குவதற்காகப் படத் தகவலைச் சுருக்கும் அழுத்தத்தால் வரும் இரைச்சலைக் கிரெய்ன் என்று மயங்கக் கூடாது. கிரெய்னுக்கு வடிவம் இல்லை. அழுத்த இரைச்சல் சதுரம் சதுரமாக அமையும். அதைத் தேட வேண்டிய இடம் சாம்பல் நிறத் தடுப்பும் வெறும் சுவரும். ஒரே நிறத்தில் விரியும் பரப்பில் பிட்டுகளைச் சேமிக்கலாம் என்று மென்பொருள் முடிவுசெய்யும். அங்கே கிரெய்ன் கரைந்து, சதுரங்களோ வெளிச்சப் படிக்கட்டுகளோ தோன்றும். என் அனுபவத்தில், தடுப்பின் துணி நெசவு உயிரோடு தெரிகிற வட்டு மற்ற எல்லா இடங்களிலும் நன்றாகவே இருக்கிறது.

அடுத்து, செயற்கையான கூர்மை. வெளிர் வானத்துக்கு எதிரே நிற்கும் கரிய விளிம்பைப் பாருங்கள். போக்குவரத்து நெரிசல் காட்சியில் கார்களின் கூரையும் கம்பங்களும் உதவும். விளிம்பை ஒட்டி ஒரு வெண்கோடு ஓடினால் கூர்மையைக் கூட்டியிருக்கிறார்கள். டிவியின் ஷார்ப்னெஸை ஏற்கெனவே குறைத்துவிட்டதால் இந்தக் கோடு வட்டில் இருப்பதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம். படிகளின் வரிசை முக்கியம் என்பதற்கு இதுவே சான்று.

உண்மையான நுணுக்கத்தை அளக்கச் சிறு எழுத்துகளும் தொலைவில் உள்ள பொருள்களும் வேண்டும். தி அபார்ட்மென்ட் படத்தின் மாபெரும் அலுவலகக் கூடத்தில், தொலைவு மிகுந்ததாகத் தோன்றுவதற்காகப் பின்வரிசை மேசைகளை வேண்டுமென்றே சிறிதாகச் செய்து வைத்தார்கள். அந்தக் கடைசி வரிசைகள் எதுவரை தனித்தனி மேசைகளாகப் பிரிகின்றன என்பது கறுப்பு வெள்ளை வட்டுகளுக்கு ஒரு நேர்மையான அளவுகோல்.

9. கோடுகளும் அசைவும்

ஜன்னல் மறைப்பின் பட்டைகள், கோடு போட்ட சட்டை, கூரையின் சதுரப் பலகைகள் ஆகியவை அலுவலகப் படங்களில் தவறாமல் இருக்கும். கேமரா மெல்ல நகரும்போது அவை மினுங்கினாலோ வானவில் நிறம் காட்டினாலோ படத்தைச் சிறிதாக்கிய விதத்தில் குறை உண்டு.

டிவிடியில் ஒருவர் மேசைகளுக்குக் குறுக்கே நடக்கும் காட்சியைச் சட்டகம் சட்டகமாக நகர்த்துங்கள். 60 ஹெர்ட்ஸ் முறை டிவிடியில் ஐந்து சட்டகங்களுக்கு இரண்டு வீதம் சீப்புப் பல்போல் கோடுகள் தெரிந்தால், 24 சட்டகப் படத்தை நிரந்தரமாக விரித்துப் பதிவுசெய்திருக்கிறார்கள். நல்ல பிளேயரோ டிவியோ இதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

பழைய படங்களில் கணினித் திரையின் குறுக்கே ஒரு பட்டை உருளுவதைக் கண்டு வட்டைத் திருப்பிக் கொடுக்க நினைப்பவர்கள் உண்டு. நொடிக்கு 24 சட்டகம் எடுக்கும் கேமராவும் வேறு வேகத்தில் துடிக்கும் பழைய குழாய்த் திரையும் ஒத்துப்போகாததால் வருவது அது. மூலப் படத்திலேயே பதிந்த ஒன்று. எந்தப் பதிப்பிலும் மாறாது.

10. ஒலியைச் சோதித்தல்

முதல் வேலை, மெனுவில் எந்தத் தடம் தேர்வாகியிருக்கிறது என்று பார்ப்பது. மோனோவில் வெளியான படத்துக்குப் பின்னாளில் 5.1 தடம் (ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு தாழ்சுருதி ஸ்பீக்கருக்குமானது) உருவாக்கி, அதையே முதன்மையாக வைத்திருப்பார்கள். மூலத் தடம் இருந்தால் அதில் தொடங்குங்கள். புதிய தடத்தில் பின்னணி ஓசைகளைச் சுற்றிலும் பரப்புவதற்காக மாற்றாக வேறு ஓசைகளைச் சேர்ப்பதும் உண்டு. மூலத்தைக் கேட்காதவர்க்கு அது தெரியாது.

பிறகு, ஒரு சாதாரண உரையாடலுக்கு ஏற்ப ஒலி அளவை வைத்துவிட்டு ரிமோட்டைக் கீழே வையுங்கள். அச்சு இயந்திரத்தை உடைக்கும் காட்சிக்குத் தாவுங்கள். அங்கே எழும் இசை கனமாக ஒலிக்க வேண்டும். ஆனால் ரிமோட்டை நோக்கிக் கை பாயும் அளவுக்கு அதிர்ச்சி தரக் கூடாது. அதன்பின் மீண்டும் உரையாடலுக்கு வந்தால் சொற்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிளேயரிலிருந்து போகும் ஒலி இரண்டு தடமாக ஒழுங்காகச் சுருங்குகிறதா என்று பாருங்கள்; ஐந்து ஸ்பீக்கர் இல்லாத வீட்டில் நடுத்தடத்து வசனம் வலுவிழப்பது வழக்கம்.

வசனத் தெளிவுக்கு மில்டனையே மீண்டும் அழைக்கலாம். அவர் முணுமுணுத்தே பேசுபவர். அந்த முணுமுணுப்பே வேடிக்கை. "அவர் பேசுவது புரியவில்லை, ஒலி மோசம்" என்பது தவறான முடிவு. சுற்றியுள்ளவர்களின் சொற்கள் தெளிவாகவும், மில்டனின் சொற்கள் காதைத் தீட்டினால் பிடிபடும் அளவிலும் இருந்தால் தடம் சரியாக இருக்கிறது.

ஹெட்போன் இப்போது தேவைப்படும். அலுவலகக் காட்சிகளில் வசனத்துக்கு அடியில் காற்றோட்டக் குழாயின் ஓசை, தொலைவில் தட்டச்சு, விளக்கின் மெல்லிய ரீங்காரம் ஆகியவை தொடர்ந்து இருக்கும். வட்டுக்காக ஒலியை மிகையாகச் சுத்தம் செய்திருந்தால், ஒருவர் பேசி முடித்ததும் அந்த ஓசை சட்டென்று அறுந்து, அடுத்தவர் வாய் திறக்கும்போது மீண்டும் முளைக்கும். நகைச்சுவையில் மௌனமும் ஒரு வசனம்; சங்கடமான அந்த இடைவெளி அறையின் ஓசையோடு கேட்டால்தான் அங்கே மனிதர்கள் நிற்கிறார்கள் என்ற உணர்வு வரும். இப்படி அறுக்கப்பட்ட தடத்தை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

ஒலியும் உதடும் ஒத்துப்போகின்றனவா என்பதை உதட்டைப் பார்த்துச் சோதிப்பதைவிட, தொலைபேசியைக் கீழே வைக்கும் ஓசையாலும் கதவு மூடும் ஓசையாலும் சோதிப்பது எளிது. விலகல் தெரிந்தால் வேறொரு வட்டிலும் அதே விலகல் வருகிறதா என்று பார்த்த பிறகே குறை எழுதுங்கள்.

50 ஹெர்ட்ஸ் முறை டிவிடிகளில் 24 சட்டகப் படத்தைப் பெரும்பாலும் 25 சட்டக வேகத்தில் ஓட்டியிருப்பார்கள். படம் நான்கு சதவீதம் வேகமாகும்: 89 நிமிடப் படம் சுமார் 85 நிமிடங்களில் முடிந்துவிடும். ஒலியைத் திருத்தாவிட்டால் குரல்களின் சுருதியும் சற்று உயரும். அட்டையில் நேரம் குறைந்திருப்பதைக் கண்டு காட்சிகளை வெட்டிவிட்டார்கள் என்று பதறுபவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

இழப்பில்லாத ஒலித்தடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் உரையாடல் நிறைந்த நகைச்சுவைப் படத்தை இரண்டாம் முறை வாங்க வேண்டியதில்லை. இசைக் காட்சிகளில் வேறுபாடு தெரியும்; பேச்சில் பெரிதாகத் தெரியாது.

11. சப்டைட்டில்

மொழிபெயர்ப்பின் தரத்தைவிட முதலில் நேரத்தைப் பாருங்கள். வேடிக்கையின் முடிவுச் சொல்லை நடிகர் உச்சரிக்கும் முன்பே சப்டைட்டில் காட்டிவிட்டால் சிரிப்பு செத்துவிடும். நீண்ட வசனத்தை இரண்டாகப் பிரித்து, முடிவை இரண்டாவது பகுதிக்கு ஒதுக்கியிருப்பதே நல்ல வேலை.

திரையில் தெரியும் எழுத்துகளும் அலுவலகப் படங்களில் பாதி வேடிக்கையைச் சுமக்கின்றன: சுற்றறிக்கை, அறிவிப்புப் பலகை, இயந்திரம் காட்டும் பிழைச் செய்தி. ஆபீஸ் ஸ்பேஸில் அச்சு இயந்திரம் "பிசி லோட் லெட்டர்" என்று காட்டும்போது அதற்கு என்னதான் பொருள் என்று ஊழியர் கொதித்துப்போகிறார். வேற்று மொழிச் சப்டைட்டிலில் அந்தச் செய்தி விடுபட்டால் அவர் எதற்காகக் கத்துகிறார் என்பதே பார்ப்பவருக்குப் புரியாது.

12. கூடுதல் அம்சங்கள்

இவற்றைப் படத்தின் மதிப்பீட்டோடு கலக்காதீர்கள். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: பழைய டிவிடியில் இருந்த விளக்கவுரைத் தடமோ நீக்கப்பட்ட காட்சிகளோ புதிய வட்டில் விடுபட்டிருக்கின்றனவா என்று. விடுபட்டிருந்தால் பழையதை விற்றுவிட வேண்டாம்.

13. முடிவை எழுதுதலும் வாங்குவதைத் தீர்மானித்தலும்

குறிப்பேட்டில் உள்ள ஒவ்வொரு குறைக்கும் எதிரே "படம்", "வட்டு", "டிவி" என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். எதையும் எழுத முடியாத குறை இருந்தால் அதற்குரிய படியை மீண்டும் செய்யுங்கள். "வட்டு" என்று எழுதப்பட்டவற்றை மட்டுமே வட்டின் மதிப்பீட்டில் சேருங்கள். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போடுவதைவிட, எந்த நிமிடத்தில் என்ன தெரிகிறது என்று எழுதுவது படிப்பவருக்குப் பயன்படும். அவர் தன் வட்டைப் போட்டு அந்த நிமிடத்தையே பார்த்துக்கொள்ள முடியும்.

டிவிடி வைத்திருப்பவர் ப்ளூரேக்கு மாறலாமா என்றால், புதிய வட்டு டிவிடிக்காகப் பயன்படுத்திய பழைய பதிவிலிருந்தே உருவாகியிருந்தாலொழிய, மாறலாம் என்பேன். விளிம்புகளில் வெண்கோடும் மெழுகு முகமும் சேர்ந்து தெரிந்தால் அந்தப் பழைய பதிவைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம்.

ப்ளூரேயிலிருந்து 4கேக்கு மாறுவதில் இன்னும் நிதானம் வேண்டும். பிலிம் நெகட்டிவை 4கே அளவில் புதிதாக ஸ்கேன் செய்திருந்தால் கிரெய்ன் இயல்பாகத் தெரிவதும் நிறம் ஒழுங்காவதும் உண்மையான ஆதாயம். அதைவிடக் குறைந்த 2கே அளவில் இறுதி செய்யப்பட்ட டிஜிட்டல் படத்தைப் பெரிதாக்கி வெளியிட்டிருந்தால் நுணுக்கம் கூடாது. ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சை விரிக்கும் எச்டிஆர் முறையின் பலன், கண்ணைக் கூசும் ஒளியும் ஆழ்ந்த இருளும் ஒரே சட்டகத்தில் இருக்கும் காட்சிகளில்தான் மிகுதி. சீரான டியூப்லைட் வெளிச்சத்தில் நடக்கும் படத்துக்கு அதனால் கிடைப்பது கொஞ்சமே. நல்ல ஸ்கேனிலிருந்து, கிரெய்னைத் துடைக்காமல் எடுத்த சாதாரண ப்ளூரே கையில் இருந்தால், 4கே வட்டின் ஸ்கேன் எதிலிருந்து செய்யப்பட்டது என்ற விவரம் வெளியாகும்வரை காத்திருங்கள்.